குழல்வாய்மொழியின் மோதிர விரல்

அய்யாக்குட்டியின் வலது கை மோதிர விரல் முழுதாக மடங்கிய நாளில் அவர் பிடித்திருந்தது தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸின் மேல்கம்பி என்பதால், அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர் அந்த பஸ்ஸிலேயே இருந்தார். அந்தக் குடும்பத்தில் விரல் மடங்குவது புதிதல்ல; மடங்கும் கணத்தில் கையில் இருப்பதை அது பிறகு விடாது என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். மனைவி காலையில் இட்லியும் மத்தியானம் சோறுமாக ஸ்டாப்பில் நின்று ஜன்னல் வழியே கொடுத்தாள். மகள் குழல்வாய்மொழியின் கல்யாணப் பேச்சுகூட மூன்றாவது சீட்டருகே நின்றுதான் முடிவானது. பஸ் தேய்ந்து கழிக்கப்பட்டபோது டிப்போக்காரர்கள் கம்பியை இரண்டு பக்கமும் அறுத்து, மாலை போட்டு, அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கையோடு இருக்கும் அந்த இரண்டடிக் கம்பியில் வீட்டார் இப்போது துண்டு காயப்போடுகிறார்கள். மூத்த மகன் நமசிவாயத்துக்கு விரல் மடங்கியது கோயில் கொடைவிழாவில் மைக்கைப் பிடித்திருந்தபோது. யாராலும் அதை வாங்க முடியாததால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த தேர்தலில் கவுன்சிலர் ஆனார்.

ஆகவே குழல்வாய்மொழி தன் நாற்பத்து நாலாவது வயதில், வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்கு நேர் கீழே கடுகளவு ஒரு கட்டியைக் கண்டபோது பதறவில்லை. பெரிய கோயில் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறவள் அவள். நாளெல்லாம் ஊரார் விரல்களைப் பிடித்து ரேகைக் கண்ணாடியில் அமுக்குவதுதான் வேலை. கடுகு ஆறு மாதத்தில் பட்டாணி ஆனது. வலி இல்லை. பக்கத்தில் தோல் சின்னக் குழியாக உள்வாங்கியது. அடுத்த வருடம் பட்டாணியிலிருந்து விரலடிவரை தோலுக்கடியில் ஒரு கயிறு ஓடியது, பாவூர்சத்திரத்தில் மூட்டை தைக்கிற சணல்போல விறைப்பாக. ஒரு திங்கட்கிழமை மேசைமேல் கையை விரித்து வைத்தாள். உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவே ஓர் எறும்பு தலை குனியாமல் நடந்து போனது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனாள்.

"இது பரம்பரையா வருதது. மேசைல கை படியலன்னா ஆபரேஷன் செஞ்சு நிமித்திரலாம். அப்பாவுக்கு உண்டா?" என்றார் டாக்டர்.

"உண்டு, பஸ்ல."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். ஆபரேஷனுக்கு ஆவணியில்தான் நாள் கிடைத்தது. ஆடியிலோ ஒரே மகள் மீனு மியூனிக்குக்குப் போகிறாள், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. குழல்வாய்மொழிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. விரல் பாட்டுக்கு மீனுவைப் பிடித்துக்கொண்டால்? மடங்குவதானால் பிரயோசனமான ஒன்றைப் பிடித்து மடங்கட்டும் என்று வலது கையில் ஒரு தோசைக் கரண்டியை வைத்துக்கொண்டே திரிந்தாள். மையத்துக்கும் கரண்டியோடுதான் போனாள். மகளுக்குத் தலை பின்னுவதை நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போனாள்.

"எம்மா, ரெண்டு மாசமா என்னைத் தொட மாட்டுக்கியே. நான் போறது ஒனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேவிட்டாள் மீனு.

"பிடிச்சிருக்குட்டி," என்றாள் அவள், கரண்டியை இறுக்கியபடி. "அதனாலதான் பிடிக்காம இருக்கேன்."

விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு, கடைசியாக ஒரு தடவை குளித்துவிட்டு வரலாம் என்று மீனு அம்மாவை ஐந்தருவிக்கு இழுத்துப் போனாள். சாரல் நன்றாக இருந்தது. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவிக்குள் யாரும் கரண்டி கொண்டுபோவதில்லை என்பதால் அது துணிப்பையிலேயே இருந்தது. பாசியில் மீனு வழுக்கினாள். எந்தக் கை என்று யோசிக்க நேரமில்லை. குழல்வாய்மொழி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், விரல் மடங்கியது, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, ஆளுக்கொரு கையால் பெட்டி கட்டினார்கள். குழல்வாய்மொழி அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"டாக்டர்ட்ட விரலையே எடுத்திரச் சொல்லுதேன். நீ போயிருட்டி."

"சும்மா கெடம்மா. நீ பாட்டுக்குப் பிடிச்சிட்டே இரு, நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்."

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மீனு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தாள். மணிக்கட்டு அவளோடு போனது. பிடி விடாமல் அம்மாவிடமே இருந்தது. வாசல் காவலர் இரண்டையும் பார்த்துவிட்டு, "சேச்சி, கொறச்சு மாறி நில்க்கு," என்று ஒதுங்கி நிற்கச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

ஆவணியில் டாக்டர் கைக்குள் தடவிப் பார்த்து, 'ஆள் இருக்கிறது' என்று சீட்டில் எழுதி ஆபரேஷனை ரத்து செய்தார். மார்கழியில் உள்ளங்கை பனிக்கட்டியாகக் குளிர்ந்ததால் குழல்வாய்மொழி தென்காசி வெயிலில் ஒற்றைக் கம்பளி உறை மாட்டத் தொடங்கினாள். சில சமயம் கை வெடுக்கென்று முன்னால் இழுபடும், மேசையில் உள்ள டீ கொட்டும். போன தை மாதம் பகல் பன்னிரண்டரைக்கு அப்படித்தான், முகம்மது மீரான் பென்ஷன் விஷயமாக எதிரில் உட்கார்ந்திருந்தபோது, அவள் நாற்காலியோடு ஒரு முழம் நகர்ந்தாள். மீரான் டீ கிளாஸை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள டிரெயினுக்கு ஓடுதா போல. ஏறட்டும், எனக்கு அவசரமில்ல."

இருவரும் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் கை தளர்ந்து மேசைக்குத் திரும்பியது.

"ஏறிட்டா பாய்," என்றாள் குழல்வாய்மொழி. "ஒங்க பேரைச் சொல்லுங்க."