கண்ணுக்கு வந்த மருந்து

என் மனைவி நெரெய்தாவின் வலது கண்ணில் புரை முற்றிப்போய் அரிசியில் கல் பொறுக்கக்கூட முடியாமல் ஆனபோது, எங்கள் சோசலிசத் தீவில், கமஹுவானி ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அதற்கு மருத்துவர் இருந்தார். அறுவை அரங்கு இருந்தது. கட்டணம் என்ற பேச்சே கிடையாது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை மட்டும் இல்லை.

"வில்லை கொண்டாங்க வாத்தியாரே, மறுநாளே பண்ணிடறேன்" என்றார் டாக்டர் பெத்ரோசோ. பிறகு குரலைத் தாழ்த்தி, "கையுறை, தையல் நூல், சொட்டு மருந்து, ஆன்டிபயாடிக் மாத்திரை, அதையும் சேர்த்துக் கொண்டாந்துடுங்க. என் கைதான் இங்க இருக்கு. மத்ததெல்லாம் நீங்கதான்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய கால்சட்டை முட்டியிலும் ஒட்டுப் போட்டிருந்தது.

நான் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடத்தில் அரசியல் பாடம் நடத்தியவன். முதலாளிகளின் நாட்டில் வயதானவர்களை எப்படித் தெருவில் விடுவார்கள், நம் நாட்டில் எப்படித் தாங்கிப் பிடிப்போம் என்று பலகையை இரண்டாகப் பிரித்து எழுதிப் போட்டிருக்கிறேன். அதை நம்பித்தான் எழுதினேன். இப்போது என் ஓய்வூதியம் வந்த கையோடு ஒரு அட்டை முட்டையாகி முடிந்துவிடுகிறது. மீதி மாதத்துக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்காக ரொட்டிக் கடையிலும் எரிவாயுக் கிடங்கிலும் வரிசையில் நின்று கொடுக்கிறேன். அதற்கு அவர்கள் ஏதாவது தருவார்கள். எழுபது வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

வில்லையை நெரெய்தாவின் தங்கை எடெல்மிராதான் கொண்டுவந்தாள். அவள் புளோரிடாவில் ஹயலியாவுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து, காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த சின்ன டப்பாவை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். மாத்திரை, சொட்டு மருந்து, நூல், கையுறை எல்லாம் மேஜைமேல் வந்து விழுந்தன.

"என்ன அத்தான், உங்க சோசலிசத்துக்குத் தையல் நூலும் நான்தான் கொண்டாரணுமா?"

"கொண்டாந்தவ குத்திக் காட்டாம இருந்தா புண்ணியமாப் போகும்" என்றேன்.

"குத்தத்தான் ஊசி கிடைக்கலியே இங்க!" என்று சொல்லிச் சிரித்தாள்.

நெரெய்தாவும் சிரித்தாள். கறுப்பு பீன்ஸ் சோறும் மரவள்ளிக்கிழங்கும் வைத்துச் சாப்பிட்டோம். எடெல்மிரா எழுந்து தட்டுகளை எடுத்துப் போனபோதுதான் கவனித்தேன், இடது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நடந்தாள். கேட்டதற்கு, புதுச் செருப்பு கடித்துவிட்டது என்றாள்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு டாக்டர் யூனைசி வந்தாள். சின்னப் பெண், மூன்று தெருவுக்கு அவள்தான் டாக்டர். அறுவைக்கு முன் நெரெய்தாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வந்தவள், எடெல்மிரா காப்பி கொண்டுவரும் நடையைப் பார்த்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா. செருப்பைக் கழட்டுங்க."

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"ஒண்ணுமில்லாததைப் பாக்கறதுல எனக்கு என்ன கஷ்டம்? கழட்டுங்க."

பாதத்தின் அடியில் ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது. அறை முழுக்க அந்த வாடை வந்தது. யூனைசி தரையில் மண்டியிட்டு அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சர்க்கரை இருக்கா?"

"இருக்கு."

"கடைசியா டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?"

எடெல்மிரா சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாள் என்பதும், டாக்டரைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தன. அங்கே அவள் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறூட்டுகிறாள். அந்த வேலையில் காப்பீடு கிடையாது.

"சொந்தமா ஒண்ணு எடுத்திருக்கேன் அத்தான். ஆனா முதல்ல ஆயிரக்கணக்குல நம்ம கையை விட்டுப் போகணும், அப்புறம்தான் அது நம்மளத் திரும்பியே பாக்கும். அறுபத்தஞ்சு ஆயிட்டா அரசாங்கமே குடுக்கும். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா போதும்னு இருந்தேன்."

"ரெண்டு வருஷத்துக்கு இந்தக் கால் ஒத்துக்கணுமே" என்றாள் யூனைசி. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். தினமும் காலையில் வருகிறேன் என்றாள். எடெல்மிரா கைப்பையைத் துழாவினாள்.

"எவ்வளவு தரணும்?"

"ஒரு காப்பி தாங்க. சர்க்கரை போட்டு. உங்களுக்கு வேண்டாம், எனக்கு."

எடெல்மிரா சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். வலியால் அழுகிறாள் என்று நெரெய்தா பதறினாள். அவளோ, "ஊரார் காலையெல்லாம் நான் கழுவறேன் அக்கா. என் காலை ஒருத்தர் தொட்டுப் பாத்து எத்தனை காலம் ஆச்சு" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யூனைசி, "வாத்தியாரே, ஆன்டிபயாடிக் இல்லாம இது ஆறாது. நம்ம மருந்துக் கடையில ஒரு பொட்டுக்கூட இல்ல" என்றாள்.

எல்லோர் கண்ணும் ஒரே நேரத்தில் மேஜைமேல் இருந்த மாத்திரைப் பெட்டிக்குப் போனது.

"தொடக் கூடாது. அது அக்கா கண்ணுக்கு வந்தது" என்றாள் எடெல்மிரா.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலும் மருந்துக் கடைகளின் அலமாரிகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. கள்ளத்தனமாக விற்கும் ஆளிடம் போனால், நேற்றுத்தான் தீர்ந்தது என்றான். என் பழைய மாணவன் ஒருவன் ஆஸ்பத்திரிக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் வெறும் அறையைத் திறந்து காட்டி, "நீங்களே பாருங்க சார்" என்றான். வெயிலில் நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்தேன். நான் வருவதற்குள் நெரெய்தா பெட்டியைப் பிரித்து, தடவித் தடவி முதல் மாத்திரையை எடுத்துத் தங்கையின் வாயில் போட்டிருந்தாள்.

"உன் அறுவை என்ன ஆகும்?" என்று கத்தினேன்.

"கண்ணு இன்னும் கொஞ்ச நாள் மங்கலா இருக்கும், அவ்வளவுதான். காலு அழுகிப் போச்சுன்னா திரும்ப வருமா?"

பெத்ரோசோவிடம் போய்ச் சொன்னேன். மாத்திரை இல்லாமல் கண்ணில் கத்தி வைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். யாரிடம் போனாலும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவராவது அநியாயமாகப் பேசியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

புண் ஆற ஆரம்பித்தது. யூனைசி சொன்னபடி தினமும் வந்தாள். ஆனால் காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரியில் கெட்டுக் கிடந்தது, உதிரி பாகம் வரவில்லை. அதுவரை காலைத் தூக்கி வைத்துப் படுத்தே இருக்கணும் என்று யூனைசி சொன்னாள். எடெல்மிராவின் விடுப்போ முடிந்துவிட்டது.

"போகாதேடி. ரெண்டு வாரம் இரு" என்றாள் நெரெய்தா.

"இருந்தா நான் வேலை பாக்கற வீடுகளை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க அக்கா. வேலை போனா வாடகை யாரு கட்டறது?"

"இந்த வயசுல ஒரு காலு புண்ணாகி ரெண்டு வாரம் படுக்க உரிமை இல்லையா உனக்கு? இதுக்கா கடல் தாண்டிப் போனே?" என்று நான் கேட்டேன்.

"நீங்க இங்கயே இருந்து என்ன அத்தான் சாதிச்சீங்க? வெயில்ல வரிசையில நிக்கறீங்க. நானாவது வேலை செஞ்சு உங்களுக்கு வில்லை கொண்டாந்தேன்."

விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் தோளைத் தட்டினாள்.

ஊருக்குப் போன மாதமே ஒரு கிழவரைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்து அள்ளிப் போனது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் இருந்தது. எங்கள் மாகாணத்தில் கெட்டுக் கிடந்த கருவியைப் போல மூன்று பார்த்தாளாம். தனி அறை, தானாக எழுந்து உட்காரும் படுக்கை, கேட்காமலே மருந்து. ஆனால் போய்ச் சேர்ந்த நேரம் தப்பிவிட்டது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, தனக்குச் சீட்டெழுதியவர், மயக்கம் கொடுத்தவர், வண்டியில் தூக்கிப் போனவர் எல்லோரும் தனித்தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாள். "நான் சாகறவரைக்கும் அந்தப் படுக்கைக்குக் கட்டுவேன் அத்தான்."

அப்படியிருந்தும், இங்கே வந்த ஒரு தெரிந்தவரிடம் மாத்திரை கொடுத்தனுப்பினாள். பெத்ரோசோ சொன்னது போலவே மறுநாள் அறுவை செய்தார். பிரமாதமாகச் செய்தார். கட்டை அவிழ்த்ததும் நெரெய்தா என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு இளைச்சுப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் யூனைசி பிழைப்புத் தேடிப் பிரேசிலுக்குப் போய்விட்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு இன்னும் வேறு டாக்டர் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். எடெல்மிரா சீருடையில் இருந்தாள். மறுபடி வேலைக்குப் போகிறாள்.

"அக்கா, இடது கண்ணுக்கும் வில்லை பாத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம். அந்தக் காசுல நீ போய் டாக்டரைப் பாரு."

"பாத்துக்கறேன். நீ முதல்ல கண்ணைப் பாரு."

"அனுப்பினே, அப்படியே திருப்பி அனுப்புவேன்!"

"அனுப்பேன், பாப்போம்! எங்க தபால் போகுது உங்க ஊர்லேருந்து?"

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். நடுவில் மின்சாரம் போய், போன் அறுந்தது. நெரெய்தா அதைப் படுக்கையில் வீசினாள். நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "எந்த நாட்டைப் பத்தியும் சொல்லாதீங்க. அவளுக்கு ரெண்டு விரல் போச்சு."