புளிக்குள் கிடந்த சன்னம்

சங்கிலி வாள் கிரீச்சிட்டுத் துள்ளியது. வெட்டுவாய்க்குள்ளிருந்து பொறி பறக்க, மில்ரன் உடனே எஞ்சினை நிறுத்தினான்.

"சன்னம். சண்டை நேரத்துச் செல் துண்டொண்டு மரத்துக்குள்ள கிடக்கு," என்றான்.

டிலோஜினி மரத்தைப் பார்க்கவில்லை. சாய்ந்த புளியமரத்தின் அடியில் இடுப்புக்குக் கீழே நசிந்து கிடந்த அப்பாவைத்தான் பார்த்தாள். எமிலியானுஸ் கண்ணைத் திறந்தபடிதான் இருந்தார்.

விடியப்புறம் புயல் கொஞ்சம் ஓய்ந்ததும், படகு எஞ்சின் நனைகிறதோ என்று பார்க்கக் கொட்டிலுக்குப் போனவர். மண் இளகி நின்ற புளி கொட்டிலோடு சேர்த்து அவரையும் அமத்திவிட்டது. அயலெல்லாம் கூடித் தூக்கிப் பார்த்தும் மரம் அசையவில்லை. அடம்பன் வீதியில் வெள்ளம். உழவு இயந்திரம் வர வழியில்லை. நேவிக்காரரின் படகு வெளிக்கிட்டுவிட்டது என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். அது காலையில் சொன்ன கதை.

"வாளின்ர மற்றச் செயின்?" என்று கேட்டாள் டிலோஜினி.

"அது நேத்து றோட்டு மரம் வெட்டேக்க அறுந்துபோச்சு."

அவள் கணவன் மில்ரனுக்கு மரம் வெட்டுவதுதான் தொழில். வாளுக்கு அரம் பிடிப்பது எப்போதும் டிலோஜினி. அவன் தீட்டினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். அவள் விழுந்த கிளையொன்றில் குந்தி, வாளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, விரலால் சங்கிலியை மெல்ல உருட்டினாள். பற்களின் நுனி மழுங்கி வெள்ளையாய்ப் பளபளத்தது. ஒன்று பாதி பிய்ந்தே போயிருந்தது. அதை விட்டுவிடலாம். மிச்சத்தில் ஆக மோசமான பல் எவ்வளவு தேய வேண்டுமோ, அந்த அளவுக்கு எல்லாப் பல்லும் தேய வேண்டும்.

உருண்டை அரத்தை வைத்து உள்ளிருந்து வெளியே தள்ளினாள். பிறகு எடுத்து, திரும்பவும் தள்ளினாள்.

"பிள்ளை," என்றார் எமிலியானுஸ்.

"ஓமப்பா. நோகுதோ?"

"இல்லை. கால் கிடக்கிறதே தெரியேல்ல. எஞ்சினுக்குள்ள தண்ணி போட்டுதோ?"

"போகேல்ல அப்பா. கதையாமக் கிடவுங்கோ."

அவருடைய தங்கை எடித் சேற்றில் குந்தி, அவர் தலையை மடியில் வைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மில்ரன் மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

"இது காணும், டிலோ. வாளைத் தா."

"ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு. இப்பிடிக் கொண்டுபோனா வாள் கோணி இறுகிப்போடும். பிறகு இழுக்கேக்க மரம் அப்பாக்கு மேல உருளும்."

"அவருக்கு மூச்சு வாங்குது."

"எனக்குத் தெரியும்."

அவன் போனான். அவள் வாளைத் திருப்பி மற்றப் பக்கப் பற்களில் அரத்தை வைத்தாள். மழைத் தண்ணீரில் கை வழுக்கியது. ஒருதரம் அரம் சறுக்கிப் பெருவிரலைக் கிழித்தது. பாவாடையில் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். வேகமாகத் தள்ளினால் கோணம் மாறும், மெதுவாகத் தள்ளினால் நேரம் போகும். அப்பாவின் மூச்சு கேட்கிறதா என்று ஒவ்வொரு தள்ளலுக்கும் இடையில் காது கொடுத்தாள். எங்கும் ஒரே இரைச்சல். கடல் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"பிள்ளை, அந்த அரத்தின்ர சத்தம் நிக்கக்கூடாது," என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "அது கேட்டாத்தான் நீ நிக்கிறாய் எண்டு தெரியும்."

"நான் இஞ்சதான் அப்பா."

பற்கள் முடிந்ததும் தட்டை அரத்தை எடுத்தாள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சின்ன மேட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தைக் கடிக்காது. அந்த வேலை பாதியில் இருக்கும்போது எடித் மாமியின் குரல் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது. செபமாலை அல்ல. செத்த வீடுகளில் சொல்லும் செபம்.

டிலோஜினி நிமிரவில்லை.

மில்ரன் பக்கத்தில் வந்து நின்றான். கை நீட்டவில்லை.

"ஆறுதலா, மெல்லச் செய், டிலோ," என்றான்.

அடுத்த மேட்டில் அரத்தை வைத்தாள். கடைசி மேடு வரைக்கும் அதே அளவில் தள்ளினாள். சங்கிலியை இறுக்கி, எண்ணெய் விட்டு, இழுபடுகிறதா என்று பார்த்தபின் வாளை அவனிடம் கொடுத்தாள்.

சன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி மில்ரன் புது வெட்டுப் போட்டான். வாள் நேரே இறங்கியது. எங்கேயும் இறுகவில்லை. அயலவர்கள் அறுந்த துண்டை மெல்லப் புரட்டி அப்பால் தள்ளினார்கள். எமிலியானுஸைத் தூக்கி விறாந்தையில் பாயில் கிடத்தினார்கள். மாமி உள்ளே போய் வெள்ளைச் சீலை தேடினாள்.

நேவிக்காரர் வந்தபோது மழை திரும்பத் தொடங்கியிருந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வாசல் படலையடியில் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிலோஜினி அவர்களைக் காணவில்லை. அவள் அப்பாவின் தலைமாட்டில் குந்தி, புருவத்திலும் காதுக்குள்ளும் விழுந்திருந்த மரத்தூளை ஈரச் சீலை நுனியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.