ட்ரேஸ் எல்லாம் க்ளியர்

எங்கள் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கொள்முதல் முழுவதும் ஒரு சாஃப்ட்வேரை நம்பி நடக்கிறது. டோக்கன், எடை, சாம்பிள் முடிவு எல்லாம் நான் அதில் ஏற்றினால்தான் பழம் உள்ளே வரும். அது ஓடுகிற சர்வர், அக்கவுண்ட்ஸ் அறைக்குப் பின்னால் தண்ணீர் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சீசன் முடியப்போகிற நேரம் பார்த்து ஒருநாள் காலை நின்றுபோனது. கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் கிருஷ்ணகிரி ரோடு வரை வரிசைகட்டின. ஸ்கிரீனில், இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதைப் படித்துக் காட்டத்தான் எனக்குச் சம்பளம் என்பதுபோல ஆளாளுக்கு வந்து "என்ன சௌமியா, என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ருக்ஸார் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். சூளகிரியில் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் நகரவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"போன மாசம் ஸ்லோவா இருக்குன்னு சொன்னீங்கல்லக்கா, அதுக்காக ட்ரேஸ் ஆன் பண்ணேன். யாரு எந்த பட்டன அமுக்கினாலும் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். எங்க லேட் ஆவுதுன்னு அத வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன். அப்புறம் ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

மறந்தது அவள், திட்டு வாங்குவது நான். "இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு" என்றேன்.

"பழைய ட்ரேஸ் எல்லாத்தையும் க்ளியர் பண்ணணும். தேதி போட்டிருக்கும் பாருங்க. இன்னிக்கு தேதி இருக்கறத மட்டும் தொடாதீங்க. மத்தது ஒண்ணும் தேவையில்ல. சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்குது."

எனக்கு எதிரே புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ராஜப்பன் நின்றுகொண்டிருந்தார். "சரிங்க மேடம்" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். கத்துகிற டிராக்டர்காரர்களைச் சமாதானப்படுத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

ருக்ஸார் சொல்லச் சொல்ல ஃபோல்டர்களைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். ஒன்றைத் திறந்து பார்த்தால், நான் பொறுமையில்லாமல் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கியதெல்லாம் வரிவரியாக இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்தேன். அப்படியும் இடம் வரவில்லை. "குப்பைத்தொட்டியையும் காலி பண்ணுங்கக்கா, அதுவும் அதே டிஸ்க்லதான் இருக்கு" என்றாள். அதையும் காலி செய்து, ட்ரேஸையும் நிறுத்தியபிறகு சாஃப்ட்வேருக்கு உயிர் வந்தது. டிராக்டர்கள் நகர்ந்தன. நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அன்றைக்குச் சொல்லவேண்டிய சாம்பிள் முடிவு ஒன்றே ஒன்றுதான். சாமல்பட்டிப் பக்கத்து விவசாயி முனிசாமியுடையது. போன வருஷம் அவர் பழத்தை வெட்டிப் பார்த்தபோது உள்ளே கருத்திருந்தது. மொத்தத் தோட்டத்தையும் வேண்டாம் என்றோம். மரத்தடியிலேயே அழுகிப்போனதாம். இந்த வருஷமும் சாம்பிள் கொடுத்திருந்தார். பழுக்கவிட்டு, இன்று லேபில் வெட்டிப் பார்த்து, நன்றாக இருந்தால் அவர் தோட்டத்துப் பழம் முழுவதையும் எடுப்பதாகப் பேச்சு. மரத்திலிருப்பது இன்னொரு சாம்பிள் பழுக்கும்வரை தாங்காது. மனுஷன் விடிந்ததிலிருந்து கேட்டில் நிற்கிறார்.

பழம் பழுக்கவைக்கும் சாம்பிள் அறைக்குப் போனேன். தரை கழுவிவிட்டுப் பளிச்சென்று இருந்தது. நடுவில் ராஜப்பன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"போன்ல சொன்னாங்கல்ல மேடம், பழைய ட்ரேஸ் எல்லாம் க்ளியர் பண்ணச் சொல்லி. நானும் எத்தினி நாளா கத்தறேன், எடமே இல்லன்னு. இன்னிக்கு தேதி ஸ்டிக்கர் ஒட்டினத மட்டும் விட்டுட்டேன், பாருங்க."

ருக்ஸாருக்கு ட்ரேஸ் என்றால் ஃபைல். எங்கள் ஃபேக்டரியில் ட்ரேஸ் என்றால் பழம் அடுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ட்ரேக்கள். தேதிகூட இரண்டிலும் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் கேட்டில் நிற்பவர் ஞாபகம் வந்தது.

"முனிசாமி பழம் எங்கண்ணா?"

"நல்லா நெறம் ஏறியிருந்துச்சு. வீணாக்குவானேன்னு கூழ் லைன்ல கொட்டிட்டேன். அழுகினததான் குப்பைக்கு அனுப்பினேன்."

"வெட்டிப் பாத்தீங்களா?"

"வெட்டறது லேப் வேலைங்களே."

கொள்முதல் மேனேஜர் பிரகாஷிடம் போய்ச் சொன்னேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டார். "பாக்காத பழத்துக்கு எப்படி பாஸ் போடறது? ஃபெயில் போட்டுடுங்க."

"பாக்காத பழத்துக்கு ஃபெயில் மட்டும் போடலாமா சார்?"

"இருக்கறது ரெண்டு பட்டன். நமக்கு இதுதான் சேஃப்."

அந்த 'சேஃப்' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. தப்பு செய்தது நாங்கள், தோட்டம் போவது அவருக்கு. "சரி சார், போடறேன். அப்ப ஃபெயிலான பழம் இன்னிக்கு ஓடற கூழ்ல கலந்திருக்குன்னு ஆயிடும். அந்த பேட்ச் மொத்தத்தையும் நிறுத்தணும். லேபுக்கு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

பிரகாஷ் செல்போனைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தார்.

"பாஸ் போடுங்க" என்றார்.

போட்டேன். ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. உள்ளே கருத்திருந்தால் அதுவும் இந்நேரம் டிரம்மில் இருக்கும். அந்தப் பயத்தோடுதான் கேட்டுக்குப் போனேன்.

"எடுத்துக்கிட்டாங்கய்யா. நாளையில இருந்து கொண்டு வாங்க."

முனிசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "உள்ள எப்படிம்மா இருந்துச்சு? கருப்பு ஒண்ணும் இல்லியே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலைங்கய்யா. வெட்டிப் பாக்கல."

"வெட்டாமயேவா எடுத்துக்கிட்டாங்க?"

"ஆமாங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து, வேலியோரமாக நகர்ந்து, மனைவியிடம் ரோட்டுக்கே கேட்கும்படி பேசினார். "ஏ சென்னம்மா, எடுத்துக்கிட்டாங்க. போன வருசம் ஒவ்வொண்ணா வெட்டி வெட்டிக் காட்டினாங்கல்ல, இந்த வருசம் கத்தியே வெக்கலயாம். நம்ம மேல அவ்ளோ நம்பிக்க வந்திருச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ட்ரே கதையை அவரிடம் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்று, நாளைக்கான டோக்கனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.