ஐந்தாவது சேனல்

வரதய்யபாளையத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான் பேச முடியும். ஐந்தாவது ஆள் வாயைத் திறந்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஏரிக்கரையில் வாக்கி டாக்கி டவர் வைத்ததிலிருந்து இப்படி. முன்பு தீயணைப்புக்கு ஒரு சேனல், ஆம்புலன்ஸுக்கு ஒரு சேனல். ஒன்றில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், இன்னொன்றில் நெரிசல். புது ஏற்பாட்டில் ஐந்து சேனலும் பொது. பொத்தானை அமுக்குகிறவருக்கு எது காலியோ அது கிடைக்கும், பேசி முடித்ததும் பொதுவுக்குத் திரும்பிவிடும். ஐந்தில் ஒன்று மட்டும் பேசாது, மற்ற நான்கையும் பங்கிட்டுக் கொடுக்கும். இந்த ஏற்பாடு எப்படியோ ஊர் வாய்க்கும் வந்துவிட்டது. இலாகா ஆள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதைச் சொல்ல அவரும் வரிசையில்தான் நின்றார்.

பங்கிடும் வேலை முனுசாமியின் மகள் கன்னிகாவின் தலையில் விழுந்தது. டவர் எழுந்த அன்றே அவள் பேச்சு நின்றுபோனது. ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தலையசைப்பாள், ஊரில் யாருக்கோ குரல் வரும். நியாயமாகத்தான் செய்தாள். சிட்டிபாபுவைப் பாம்பு கடித்தபோது, வேர்க்கடலை விலை பேசிக்கொண்டிருந்த சொந்த அப்பாவின் குரலைப் பாதியில் பிடுங்கி, ஆம்புலன்ஸ் ஓட்டும் சலீமுக்குக் கொடுத்தாள். சிட்டிபாபு பிழைத்தான், முனுசாமிக்கு விலை படியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் திருப்பதியில் ஒரு வரன் அமைந்தது. பெண் பேசாது என்பதே மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெரிய வசதி. ஸ்ரீசிட்டி வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். கன்னிகா மறுத்துத் தலையாட்டினாள். யாருக்கோ குரல் கொடுக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். போனில் எழுதிக் காட்டினாள். “கண்ணாடி எடுத்துக்கினு வரலம்மா, அப்பறம் படிக்கிறேன்” என்றார் முனுசாமி. பாவம், அவள் என்னதான் செய்வாள்?

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா கிருஷ்ணப்பா லக்னப் பத்திரிகை வாசிக்க எழுந்தார். “அம்மாயிக்கு இஷ்டந்தானே? ஒண்ணும் சொல்லலன்னா சரேன்னு எடுத்துக்குவோம்” என்று பெண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு வாய் மூடினார். அவர் விட்ட குரலைக் கன்னிகா எடுத்து, சர்ச்சில் கீர்த்தனை பழகிக்கொண்டிருந்த காலேபுக்குக் கொடுத்தாள். குழாயடியில் சண்டை போடும் இருவர், தெருவில் கீரைக்காரி, காலேப். நான்கும் நிறைந்தன. பங்கிட ஒன்றும் மிச்சமில்லாதபோது பங்கிடுகிற சேனலும் பேசலாம் என்பது டவர் கட்டியவர்களுக்குத் தெரிந்த விதி. கன்னிகா தானாகவே கண்டுபிடித்தாள்.

“எனக்கு இஷ்டம் இல்ல நைனா. நான் வேலைக்குப் போய்க்கினுதான் இருப்பேன். என்னை வூட்ல குந்த வைக்கப் பாக்காத” என்றாள்.

அதோடு விடவில்லை. இரண்டு வருஷத்துப் பேச்சும் வந்தது. குரல் கொடுக்க வேண்டியவளே பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் பதில் சொல்ல வழியில்லை. கிருஷ்ணப்பா டொய்ங், மாப்பிள்ளை டொய்ங். முனுசாமி முகம் சிவந்து வரிசையில் நின்றார். நல்ல நேரம் கடந்துபோனது. பேசி முடித்ததும் முதல் குரலை அவருக்குத்தான் கொடுத்தாள்.

அவர் திட்டத்தான் நின்றிருந்தார். “உன் கொரலு எப்டி இருக்கும்னே மறந்துட்டேன்மா” என்றார். பிறகு சமையல்காரரைப் பார்த்து, “வந்தவங்களுக்கு எலையப் போடுங்க” என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நான்கு பேர் குழாயடியில் கூடி வேண்டுமென்றே எதையாவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். முனுசாமி வீட்டில் கன்னிகா பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.