கூட வருவதாகச் சொன்னவர்

முதியோர் நல அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த பிரேமாவுக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். அதனால்தான் வலியசாலை அக்ரஹாரத்து ஸ்ரீகண்டனின் கேஸை அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு மொழி தெரிந்த ஆள் ஒருத்தி இருந்துவிட்டால் அலுவலகத்துக்கு அதற்குமேல் கவலை கிடையாது.

ஸ்ரீகண்டன் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மற்றவர்கள் பேசுவது புரியும். திருப்பிச் சொல்ல ஒன்றிரண்டு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. பெங்களூரில் இருந்த தம்பி வெங்கிடேஷ், அண்ணனைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா என்று பிரேமாவின் அமைப்பைக் கேட்டிருந்தார். அண்ணன் சம்மதித்தால் மட்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பிரேமா எல்லாம் முறைப்படிதான் செய்தாள். தானாகச் சாப்பிட முடிகிறதா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், வழுக்கி விழுந்தால் யார் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாரே, ஒத்தைக்கு இருந்தா செரியாவாது, கேட்டியளா. நல்ல ஒரு எடம் பாத்து வச்சிருக்கோம். எங்க கூட வாறியளா?”

“போறும்” என்றார் ஸ்ரீகண்டன்.

இன்னொரு தடவை கேட்டாள்.

“போறும், போறும்.”

பிரேமாவுக்குச் சந்தோஷம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. அவள் வீட்டில் ‘போதும்’ என்பார்கள். அக்ரஹாரத்தில் அதையே ‘போறும்’ என்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் படித்த மலையாளத்தில் ‘போரும்’ என்றால் கூட வருவேன் என்று அர்த்தம். சார் மலையாளத்தில் பதில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஒத்துண்டுட்டாரா? அப்பாடா, நல்லதாப் போச்சு” என்றார் வெங்கிடேஷ் ஃபோனில். அண்ணா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு விளங்கியிருக்கும்.

கல்லாற்றுக்குப் போகும் வழியில் இருந்த இல்லத்தில் ஸ்ரீகண்டனைச் சேர்த்தார்கள். வண்டியில் ஏற்றும்போதும் அவர் ‘போறும்’ என்றார். நல்ல ஒத்துழைப்பு என்று பிரேமா குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். ஆள் குறைவாக இருந்ததால் அவளே பரிமாறினாள். சோற்றில் ரசம் ஊற்றியதும் அவர் “போறும்” என்றார்.

“இனி எவிடெ சாரே போரும்? எங்கயும் வரண்டாம், அதான் வந்தாச்சே” என்று சிரித்தபடி அடுத்த கரண்டியைச் சாய்த்தாள். அவர் இடது கையைத் தட்டின் மேல் விரித்தார். சூடான ரசம் விரல்களில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“போறும்.”

பிரேமா கரண்டியைக் கீழே வைத்தாள். போதும் என்கிறார். வீட்டில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார், வண்டியில் ஏற்றும்போதும் இதைத்தான் சொன்னார்.

துணியை நனைத்து அவர் விரல்களைத் துடைத்தாள்.

“சாரே, இனி வாயால ஒண்ணும் சொல்லண்டாம். வீட்டுக்குப் போணும்னா என் கையப் பிடிச்சா மதி, அது போதும்.”

பிடித்தார். மறு கையால் அவள் வெங்கிடேஷுக்கு ஃபோன் போட்டாள்.

“அவரேதானே வரேன்னு சொன்னார்?” என்றார் வெங்கிடேஷ்.

“வரமாட்டேன்னுதான் சொன்னாரு சாரே. எனக்குத்தான் வெளங்கல்ல. வீட்டுலயே வச்சுப் பாக்க ஆள் ஏற்பாடு பண்ணுவோம்.”

“இப்ப மட்டும் சரியாப் புரிஞ்சுண்டேளா?”

பிரேமா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“புரிஞ்சுது சாரே. கைய விடமாட்டேங்காரு.”