பாதி உட்கார்ந்தவன்

1
இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. சாப்பாட்டு இடைவேளையில், நகர மன்றத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி அடிப்பதற்குள் ஒரு முடிவு கிடைத்தாக வேண்டும், கதைக்கும் எனக்கும்.

2
முதல் தொடக்கம்: "அவர் நேர்மையின் மறு..." (வேண்டாம். மேடைப் பேச்சு.)

நடந்ததையே சொல்கிறேன். ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரிக்கு ஐந்தாண்டுப் பதவி. இடையில் மன்றத் தலைவர் நினைத்தாலும் நீக்க முடியாது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுந்து நிற்க வேண்டும். தலைவரின் மைத்துனர் கட்டிய தொட்டித் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று இப்போது அந்தப் பதவியில் இருக்கும் அம்மா எழுதிவிட்டார். வந்தது வினை.

3
தலைவர் உள்ளே வந்தால் உறுப்பினர்களான நாங்கள் எழுந்து நிற்பது வழக்கம். இன்று அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நிற்கும்போதே நீக்கத் தீர்மானத்தைப் படித்து, எண்ணச் சொன்னார். எதிர்க்கிறவன் உட்கார வேண்டும்! சிலர் உட்கார்ந்தார்கள். இன்னும் ஒருவர் உட்கார்ந்தால் தீர்மானம் தோற்கும். நான் முழங்காலை மடக்கினேன். தலைவர் என்னைப் பார்த்தார். என் தம்பிக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்.

"என்னங்க, உக்காருறீங்களா, நிக்கிறீங்களா?" என்றார் எழுத்தர்.

"பேனா கீழ விழுந்துடுச்சு."

பேனா சட்டைப்பையில் இருந்தது. சபையே சிரித்தது. தோற்றுவிடுமோ என்று பயந்த தலைவர், சாப்பிட்டு வந்து எண்ணலாம் என்று தள்ளிவைத்தார்.

(கதையில் எனக்கு மூட்டுவலி கொடுத்துப் பார்த்தேன். நீங்கள் இரக்கப்பட்டுவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

4
இப்போதுதான் அந்த அம்மா படியேறி வந்தார்.

"சாப்டீங்களா அண்ணே?"

"ஆச்சும்மா." பொய்.

"பேனா கெடைச்சுதா? இல்லன்னா என்னுதை வச்சுக்கோங்க."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே நீட்டினார். பிறகுதான் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"ஓ, கெடைச்சுடுச்சா. நல்லதுண்ணே." மேலே போய்விட்டார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

5
முடிவு ஒன்று: அவன் உட்காருகிறான். வேலை போன தம்பி வாசலில் நின்று, "உனக்கு எதுக்குண்ணே ஊர் வம்பு?" என்கிறான்.

முடிவு இரண்டு: அவன் நிற்கிறான். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, குடத்தை வைக்காமல்

மணி அடித்துவிட்டது. மீதியைச் சபைக்குள் எழுதுகிறேன். தலைவர் வந்தார், பழக்கதோஷம், நானும் எழுந்துவிட்டேன். எழுத்தர் முன்வரிசையை எண்ணிக்கொண்டு வருகிறார்.

நீங்கள் இதை உட்கார்ந்துகொண்டுதான் படித்திருப்பீர்கள். அது எப்படி முடிகிறது உங்களால்?