கழுத்துவரை நிரம்பிய போத்தல்கள்

எங்கள் அலுவலகத்துக்குப் பாலைவனம் ஒரு கொம்பியூட்டரில் வந்து இறங்கியது. 2005ஆம் ஆண்டு, ஜூலை மாதம். பல நாடுகள் சேர்ந்து இணையத்தில் ஒரு தரவுத்தளம் தொடங்கியிருந்தன. எந்த நிலம் உவராகிறது, எங்கே மரம் குறைகிறது, எந்தக் கிணறு கெடுகிறது என்று ஒவ்வொரு மாவட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பதியவேண்டும். பாலைவனமாதல் சுட்டிகள் என்று அதற்குப் பெயர். திரும்பிய பக்கமெல்லாம் கடல் தெரிகிற திருகோணமலையில் பாலைவனத்தைத் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. புஷ்பவதி மிஸ்ஸுக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று யாரோ சொல்லித் தொலைத்திருந்தார்கள்.

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினேன். கண்டல்வெளிக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. கிண்ணியாவுக்கு அப்பால், நூற்றிருபது குடும்பங்கள் நெல் செய்த ஊர். கடல் தண்ணீர் ஏறாமல் மறித்து நின்ற மண்கட்டைச் சுனாமி உடைத்துப் போட்டிருந்தது. வயல் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. ஓகஸ்டில் ஐந்து கிணறுகளிலும் உப்பளக்கும் மீற்றரைத் தாழ்த்தினேன். உப்பு நாலரைக்கு மேல். மூன்றைத் தாண்டினாலே தளத்தின் வரைபடத்தில் ஊர் சிவப்பாகிவிடும். தொடர்ந்து மூன்று தடவை சிவப்பு என்றால், கட்டுத் திருத்தும் பட்டியலில் ஊர் முதலாவதாக ஏறும். அதுதான் ஏற்பாடு.

விவசாயிகள் சங்கத் தலைவர் தாஹிர் நானா மீற்றரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு தரம் அளந்தாக் கட்டு வரும். அப்படித்தானே மிஸ்?"

"ஓம் நானா. நம்புங்கோ."

அந்த நவம்பரில், திரும்பவும் சண்டை வரும்போல நிலைமை கெட்டது. அலுவலக வாகனம் படகுத்துறையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. நான் சும்மா இருப்பேனா? கழுவிக் காயவைத்த ஐந்து சிறிய போத்தல்களில் ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம் ஒட்டித் தாஹிர் நானாவிடம் கொடுத்தனுப்பினேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு பாதையில் ஏறி இந்தக் கரைக்கு வந்து, அலுவலகத்தில் தரவேண்டும். மிதவைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். "கழுத்து மட்டும் நிரம்பியிருக்கவேணும். குறைஞ்சால் எடுக்கமாட்டன்" என்று விரலைக் காட்டிச் சொன்னேன். இடையில் காற்று நின்றால் அளவு பிசகும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். படித்த திமிர்.

போத்தல்கள் கழுத்துவரை நிரம்பி வந்தன. அளந்தேன். இரண்டு புள்ளி மூன்று. பெப்ரவரியில் இரண்டு புள்ளி ஒன்று. மாரிமழை உப்பைக் கழுவிவிட்டது என்று நானே ஒரு குறிப்பும் எழுதி ஏற்றினேன். வரைபடத்தில் கண்டல்வெளி பச்சையானது. கொழும்பிலிருந்து இணைப்பாளர் ஆனந்தராசா பாராட்டி ஈமெயில் போட்டார். தானாக மீண்ட நிலத்துக்கு எங்கள் மாவட்டம்தான் உதாரணமாம். சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கமாட்டேன்.

தாஹிர் நானா மட்டும் வந்து நின்று முறையிட்டார்.

"மிஸ், நாத்தெல்லாம் எரிஞ்சு போச்சு. தண்ணி வாயிலே வைக்க ஏலாது. நீங்க நல்ல தண்ணி எண்டு எழுதுறீங்க."

"நானா, மீற்றருக்கு உங்களோட என்ன கோபம்? அது உள்ளதைத்தான் காட்டும்."

மனுசன் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டு போனார். அந்த முகத்தைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

மே மாதம் போத்தல்களை மேசையில் வைத்தவர், கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். ஒரே இழுவையில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"என்ன நானா, இவ்வளவு தாகம்?"

"அஞ்சு போத்தலும் குடிச்சிட்டெல்லே வாறன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சாதாரணமாகச் சொன்னார். துறையில் இரண்டு சென்றி, ஆமிக் காவலரண்கள். போத்தலில் என்ன என்று சிப்பாய்கள் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு போத்தலையும் திறந்து அவர்கள் முன்னால் குடித்துக்காட்ட வேண்டும். முதல் சென்றியில் இரண்டு மிடறு, அடுத்ததில் இரண்டு மிடறு.

"அப்ப இது கழுத்து மட்டும் நிரம்பியிருக்குதே?"

"இந்தக் கரைத் துறையடியிலே பைப் இரிக்கிதானே. அதிலே நிரப்பிக்கொண்டு வருவன்." என் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "நீங்க குறைஞ்சா எடுக்கமாட்டீங்க எண்டு சொன்னீங்க மிஸ். எங்களுக்கும் குறை அளவு குடுக்கிறது ஹறாம். சுத்தமான தண்ணிதான் விட்டன்."

பாதி கண்டல்வெளி, பாதி நகரசபைத் தண்ணீர். அதைத்தான் ஆறு மாதமாக மீற்றர் போட்டு அளந்து உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். சரியான உப்பு அந்த மனுசனின் வயிற்றுக்குள் போயிருந்தது. ஐந்து போத்தலையும் வாஷ்பேசினில் ஊற்றினேன்.

உடனே ஆனந்தராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏற்றினதை அழிக்க ஏலாது புஷ்பவதி. எல்லா நாடும் பார்க்கிற தளம். ஓகஸ்டிலே ஒரு சரியான அளவைப் போடுங்கோ, அதைக் காட்டிப் பழையதைத் திருத்துவிக்கிறன்."

"மே மாதத்தை வெறுமையாய் விடட்டோ?"

"விடுங்கோ. வெறுமையாய் விட்டால் கடைசி அளவை அது தானாய் எடுத்துக்கொள்ளும்."

தானாய் எடுத்துக்கொள்ளும்! எவ்வளவு கெட்டிக்காரத் தளம்.

நானே போவதென்று தீர்மானித்தேன். வாகனம்தானே போகக்கூடாது, கால் போகலாமே. மீற்றரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாதையேறி அக்கரைக்கு வருவேன், சென்றியில் குடித்துக்காட்டுவதற்கு முன்னாலேயே அளப்போம் என்று தாஹிர் நானாவுடன் நாள் குறித்தேன். ஓகஸ்ட் மூன்றாம் திகதி.

அதற்கு முதல் நாளே மூதூர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. பாதை ஓடவில்லை. பாலையூற்றில் என் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர, மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டல்வெளிச் சனம் உடுத்த உடுப்போடு கிண்ணியாப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஓடிப்போயிற்று என்று ஒரு கிழமை கழித்து அறிந்தேன். ஊரில் ஒரு குஞ்சுகூட இல்லை. ஓகஸ்டுக்கு அளவும் இல்லை. தளம் தன் வேலையைச் செய்தது. இரண்டு புள்ளி ஒன்று, பச்சை.

செப்டெம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். இடம்பெயர்ந்தோர் உடனே திரும்பிப்போகத் தகுந்த ஊர்கள். பட்டியலில் கண்டல்வெளி, நீரின் தரம் நன்று. நான் நாலு பக்கத்தில் மறுப்பு எழுதினேன், இரண்டு தடவை. ஒரு வரியில் பதில் வந்தது: மேற்படி தரவு தங்களாலேயே பதியப்பட்டுள்ளது.

அடுத்த கிழமை தாஹிர் நானா அலுவலகத்துக்கு வந்தார். ஊருக்குத் திருப்பி ஏற்றிப்போக நாளைக்குப் பஸ் வருகிறதாம். ஏறாவிட்டால் பள்ளிக்கூட முகாமில் சாப்பாடு நிறுத்தப்படுமாம்.

"நானா, நான் எழுதினதாலதான் உங்களை அனுப்புறாங்கள்" என்றேன். அழுகை வந்தது. அவர் கையைக் காட்டி மறித்தார்.

"அழுவாதீங்க மிஸ். அந்தப் போத்தல் அஞ்சும் இரிக்கா?"

அலுமாரியைத் திறந்தேன். இலக்கம் ஒட்டியபடி அப்படியே இருந்தன. "இனி அளந்து என்ன நானா?"

"அளக்க இல்லை. போற வழியிலே அந்தப் பைப்பிலே நிரப்பிக்கொண்டு போகப்போறன். வீட்டிலே சின்னப் பிள்ளைகள் இரிக்கிதுகள், குடிக்க வேணுமே."

ஐந்து போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"சென்றியிலே திருப்பியும் குடிச்சுக் காட்டச் சொல்லுவானுகள் மிஸ். பாதிதான் போய்ச் சேரும்."